நில அதிர்வுத் தரவிலிருந்து தேக்கப் பாறையை அளப்பது: வீட்டுக் கணினியில் பழகும் முறை

சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் வளர்ந்து, செரி இஸ்கண்டாரில் உள்ள பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலோ வேறிடத்திலோ புவியறிவியலும் பெட்ரோலியப் பொறியியலும் படிக்கிற, படிக்கப்போகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறோம். பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் இருக்கும் விலை கூடிய மென்பொருள், விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தால் கையில் இருக்காது. பழகுவதற்கு அது தேவையும் இல்லை. வடகடலில் நெதர்லாந்துப் பகுதியைச் சேர்ந்த எஃப்3 என்ற கடற்பரப்பின் 3டி நில அதிர்வுத் தரவு, அதாவது கீழே அனுப்பிய அலை பாறை அடுக்குகளில் பட்டுத் திரும்பியதன் பதிவு, இலவசம். அதைத் திறக்கும் ஓப்பன்டிடெக்ட் மென்பொருளும் இலவசம், பைத்தான் நிரல்மொழியும் இலவசம். 8 ஜி.பி. நினைவகம் உள்ள மடிக்கணினி ஒன்று இருந்தால் தொடங்கிவிடலாம்.

தொடங்குமுன் ஊரில் எல்லாரும் கேட்கும் கேள்விக்குப் பதில். நம் செம்பனைத் தோட்டத்துக்கு அடியில் எண்ணெய் இருக்குமா? இருக்காது. சுங்கை சிப்புட்டுக்குக் கிழக்கே தித்திவங்சா மலைத்தொடரின் கருங்கல், தெற்கே கிந்தா பள்ளத்தாக்கின் பழைய சுண்ணாம்புக்கல். எண்ணெய் உருவாகக் கரிமப்பொருள் நிறைந்த படிவுகள் கிலோமீட்டர் கணக்கில் புதைந்து வேக வேண்டும். அப்படிப்பட்ட இளம் படிவுகள் தீபகற்பத்தில் கிழக்குக் கரைக்கு அப்பால், திரெங்கானு கடலுக்கு அடியில் இருக்கும் மலாய்ப் படுகையில் கிடக்கின்றன. சரவாக், சபா கடற்பகுதிகளிலும் உண்டு. நாட்டின் முதல் எண்ணெய்க் கிணறு 1910இல் மீரியில் தோண்டப்பட்டது.

இந்தக் குறிப்பில் நாங்கள் வலியுறுத்துவது ஒன்றுதான். அதிர்வுப் படத்தில் பளிச்சென்று தெரியும் இடத்தை எண்ணெய் என்று எழுதாதீர்கள். அதிர்வு அலை எண்ணெயைக் காட்டாது. இரு பாறைகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டைத்தான் காட்டும். அந்த வேறுபாட்டைக் கிணற்று அளவோடு பொருத்திய பிறகே தேக்கப் பாறையின், அதாவது எண்ணெயோ வாயுவோ தேங்கக்கூடிய பாறையின், தடிமன், நுண்துளை (பாறைக்குள் இருக்கும் சிறு வெற்றிடங்களின் பங்கு), நீர்மம் (அவற்றில் நிறைந்த நீர், எண்ணெய் அல்லது வாயு) என்று எதையும் பேச முடியும். அதனால் கிணற்றுப் பொருத்தத்துக்கே இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

தரவை இறக்குவதும் சோதிப்பதும்

எஃப்3 தரவை டிஜிபி எர்த் சயின்சஸ் நிறுவனம் பயிற்சித் தொகுப்பாக ஒழுங்கு செய்து டெராநூபிஸ் தளத்தில் வைத்திருக்கிறது. பரப்பு ஏறத்தாழ 16 கி.மீ. × 24 கி.மீ. இன்லைன் எண்கள் 100 முதல் 750 வரை, கிராஸ்லைன் எண்கள் 300 முதல் 1250 வரை, இடைவெளி 25 மீ. செம்பனைத் தோட்டத்தில் நிரை எண்ணையும் மர எண்ணையும் சொன்னால் மண்டோர் நேரே அந்த மரத்தடிக்குப் போய்விடுவார். இந்த இரண்டு எண்களும் அதற்குத்தான். ஒவ்வொரு தடத்திலும், அதாவது ஓரிடத்தின் எதிரொலிப் பதிவிலும், அலை போய்வரும் நேரம் 0 முதல் 1848 மில்லி விநாடி வரை, 4 மில்லி விநாடிக்கு ஓர் அளவு. மொத்தம் 6 இலட்சம் தடங்கள். 32 பிட்டில் செக்-ஒய் (SEG-Y) என்ற பொதுவான அதிர்வுத் தரவுக் கோப்பாக எழுதினால் 1.3 ஜி.பி. வரும். வீட்டு இணையம் மெதுவாக இருந்தால் இரவில் இறக்குங்கள். பிற்பகலில் இடிமழைக்கு மின்சாரம் போகும் நேரத்தில் கோப்பு மாற்றும் வேலையை ஓட்ட வேண்டாம். பாதியில் நின்ற தொகுதி, அதாவது எல்லாத் தடங்களும் சேர்ந்த கோப்பு, சில சமயம் முழுமையானதைப் போலவே திறக்கும். கடைசி இன்லைனைத் திறந்து பார்த்தால்தான் காலியாக இருப்பது தெரியும்.

பயிற்சித் தொகுப்பை நேரே திறந்தால் எல்லாம் தயாராக இருக்கும். ஆனால் வேலைக்குப் போனால் கையில் வருவது வெறும் செக்-ஒய் கோப்பு. ஆகவே ஒரு தொகுதியைச் செக்-ஒய்யாக வெளியே எழுதி, பைத்தானில் செகியோ நூலகத்தைக் கொண்டு மறுபடி படித்துப் பழகுங்கள். முதல் 3200 பைட் எழுத்துத் தலைப்பு, அடுத்த 400 பைட் இருமத் தலைப்பு, பிறகு ஒவ்வொரு தடத்துக்கும் 240 பைட் தலைப்பு. தடத் தலைப்பில் வழக்கமாக 189ஆம் பைட்டில் இன்லைன், 193இல் கிராஸ்லைன், 181இலும் 185இலும் இட ஆயங்கள் இருக்கும். 71ஆம் பைட்டில் உள்ள பெருக்கெண்ணை மறக்காதீர்கள். அது −10 என்றால் ஆயத்தைப் பத்தால் வகுக்க வேண்டும். வகுக்காவிட்டால் கிணறு தரவுப் பரப்புக்கு வெளியே எங்கோ போய் நிற்கும்.

3225ஆம் பைட்டில் எண் வடிவம் இருக்கும். 1 என்றால் ஐபிஎம் முறை, 5 என்றால் ஐஇஇஇ முறை. இதைத் தப்பாகப் படித்தாலும் அடுக்குகளின் உருவம் ஓரளவு தெரியும். அதுதான் ஆபத்து. வீச்சின், அதாவது எதிரொலியின் வலுவின், விகிதங்கள் கெட்டிருக்கும், ஆனால் கண்ணுக்குப் படம் சரியென்றே தோன்றும். ஆகவே வீச்சுகளின் பரவல் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். சுழியை நடுவாக வைத்து இருபக்கமும் சமமாகச் சரிய வேண்டும். இரு ஓரத்திலும் சுவர் மாதிரி எழும்பியிருந்தால் 8 பிட்டுக்குச் சுருக்கும்போது பெரிய வீச்சுகள் வெட்டுப்பட்டிருக்கின்றன. தேடிப்போகும் பளிச்சிடும் இடங்களே வெட்டுப்பட்டவை. தானியங்கி வீச்சுச் சமன் செய்யப்பட்ட தொகுதியும் இதே மாதிரிதான்: அடுக்கு வரையலாம், வீச்சை அளக்கக்கூடாது.

எஃப்3 தொகுப்பில் இரைச்சல் நீக்கிய தொகுதியும் மூலத் தொகுதியும் இருக்கின்றன. ஹொரைசன் வரைய, அதாவது ஒரு பாறை அடுக்கின் எல்லையைத் தரவு முழுவதும் பின்தொடர்ந்து வரைய, முதலாவது நல்லது. வீச்சை அளக்க மூலத்தை எடுங்கள்.

கிணற்றுப் பொருத்தம்

கிணற்றில் இருப்பவை மீட்டரில். அதிர்வுத் தரவு மில்லி விநாடியில். இரண்டையும் ஒரே அச்சுக்குக் கொண்டுவந்து, கிணற்று அளவிலிருந்து ஒரு செயற்கைத் தடம் உண்டாக்கி, அது உண்மைத் தடத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதே பொருத்தம். இரண்டு நாள் எடுத்தாலும் பரவாயில்லை, இதை அவசரப்படுத்தாதீர்கள்.

முதலில் லாக்குகளை, அதாவது கிணற்றுக்குள் கருவி இறக்கி எடுத்த பதிவுகளை, சுத்தம் செய்யுங்கள். கேலிப்பர் லாக் துளையின் விட்டத்தைச் சொல்லும். துளைக்கும் பிட் 8½ அங்குலமாக இருந்து கேலிப்பர் 11, 12 என்று காட்டினால் அங்கே சுவர் இடிந்திருக்கிறது. அடர்த்திக் கருவி பாறையை விட்டுத் துளையில் நிரம்பிய சேற்றைப் படிக்கும்; அடர்த்தி பொய்யாகக் குறையும்; நிலத்தில் இல்லாத ஒரு மென்மையான அடுக்கு செயற்கைத் தடத்தில் முளைக்கும். அந்தப் பகுதியில் அடர்த்தியை வெட்டிவிட்டு, பாறையின் அலைவேகத்தைத் தரும் ஒலி லாக்கிலிருந்து கார்ட்னர் சமன்பாட்டால் நிரப்புங்கள்: அடர்த்தி = 0.31 × வேகத்தின் 0.25 அடுக்கு. வேகம் மீ./விநாடியில், அடர்த்தி கிராம்/க.செ.மீ.யில். இது நிரப்புவதற்கு மட்டும். முழுக் கிணற்றுக்கும் இதையே போட்டால் அடர்த்தி என்ற தனிச் செய்தியே இல்லாமல் போகும்.

அலகு பாருங்கள். ஒலி லாக் பெரும்பாலும் அடிக்கு இத்தனை மைக்ரோ விநாடி என்று வரும். 304800ஐ அதனால் வகுத்தால் மீ./விநாடி. 110 என்றால் 2771 மீ./விநாடி. சில கோப்புகளில் மீட்டருக்கு மைக்ரோ விநாடி இருக்கும். அப்போது 10 இலட்சத்தை வகுக்க வேண்டும். வேகம் 1500க்குக் கீழேயோ 7000க்கு மேலேயோ தொடர்ச்சியாக வந்தால் அலகுதான் தப்பு, பாறை இல்லை.

அடுத்தது உயரம். லாக் ஆழம் துளைமேடையிலிருந்து அளக்கப்படும், அதிர்வுத் தரவு கடல்மட்டத்திலிருந்து. மேடை 30 மீட்டர் உயரத்தில் இருந்து அதைக் கழிக்க மறந்தால், 2000 மீ./விநாடி வேகத்தில் போய்வர 30 மில்லி விநாடி தள்ளிப்போகும். அது ஒரு முழு அலைக்குச் சமம். அப்படித் தள்ளினாலும் முகடும் பள்ளமும் ஏதோ ஒன்றோடு பொருந்தத்தான் செய்யும். பொருந்தியதால் சரியென்று நினைத்துத் தப்பான அடுக்கைப் பின்தொடர்வீர்கள். சாய்வாகத் தோண்டிய கிணறு என்றால் விலகல் அளவையும் ஏற்ற வேண்டும்.

செக்‌ஷாட் (மேலிருந்து அனுப்பிய அலை கிணற்றின் ஒவ்வோர் ஆழத்துக்கும் வந்த நேரத்தின் அளவு) இருந்தால் அதைக் கொண்டு நேர-ஆழ அட்டவணை போடுங்கள். ஒலி லாக் கிலோஹெர்ட்ஸ் கணக்கில் அளக்கும், அதிர்வுத் தரவு பத்துகளில் உள்ள ஹெர்ட்ஸில். அதே பாறையில் உயர்ந்த அதிர்வெண் கொஞ்சம் வேகமாகப் போகும், ஆகவே லாக்கை மட்டும் கூட்டினால் நேரம் குறைவாக வரும். செக்‌ஷாட் அந்த வித்தியாசத்தைத் திருத்தும்.

இனி இம்பீடன்ஸ். அடர்த்தியை வேகத்தால் பெருக்க வேண்டும். எதிரொளிப்புக் கெழு என்பது கீழ் இம்பீடன்ஸ் கழித்தல் மேல் இம்பீடன்ஸ், வகுத்தல் இரண்டின் கூட்டல். உதாரணத்துக்கு மேலே களிப்பாறை: 2.40 × 2700 = 6480. கீழே உப்புநீர் நிறைந்த மணற்பாறை: 2.20 × 2600 = 5720. கெழு −0.062. அதே மணலில் வாயு இருந்து 2.05 × 2200 = 4510 ஆனால் கெழு −0.179. ஏறத்தாழ மூன்று மடங்கு. பளிச்சிடுவது இதனால்தான்.

லாக்கில் 15 செ.மீ.க்கு ஓர் அளவு. 4 மில்லி விநாடி என்பது 2400 மீ./விநாடி வேகத்தில் 4.8 மீட்டர். அதாவது 30க்கும் மேற்பட்ட லாக் அளவுகள் ஒரே அதிர்வு அளவுக்குள் அடங்குகின்றன. முப்பதில் ஒன்றைப் பிடுங்கி எடுக்கக்கூடாது; பேக்கஸ் முறையில் சராசரி எடுத்துச் சுருக்குங்கள்.

வேவ்லெட்டுக்கு, அதாவது கெழுக்களைத் தடமாக மாற்றும் சிறு அலைத்துண்டுக்கு, முதலில் 30 அல்லது 35 ஹெர்ட்ஸ் ரிக்கர் என்ற எளிய அலை வடிவம் போதும். சுழி கட்டம், அதாவது முகடு நடுவிலேயே இருக்கும் சமச்சீரான அலை. அதைக் கொண்டு தோராய இடத்தைப் பிடித்துக்கொண்டு, பிறகு தரவிலிருந்தே வேவ்லெட்டை எடுங்கள். பொருத்தும் சாளரம் 500 மில்லி விநாடியாவது இருக்கட்டும், வேவ்லெட் 100க்கு மேல் போக வேண்டாம். நீளமான வேவ்லெட்டும் குறுகிய சாளரமும் சேர்ந்தால் எதையும் எதோடும் பொருத்திவிடலாம். ஒத்திசைவு (1 என்றால் முழுப் பொருத்தம்) 0.9 வந்தது என்று மகிழ்ந்தவர்களின் வேவ்லெட்டைப் பார்த்தால் இரு பக்கமும் வால் வாலாக நீண்டு கிடக்கும். நடுவில் ஒரு முகடும் பக்கத்துக்கு ஒரு பள்ளமுமாக அடங்கிய வேவ்லெட்டும் 0.7 ஒத்திசைவும் அதைவிட நம்பத் தகுந்தவை.

செயற்கைத் தடத்தை மொத்தமாக மேலே கீழே நகர்த்தலாம். ரப்பர் மாதிரி இழுத்து நீட்டுவதில்தான் கட்டுப்பாடு வேண்டும். ஒவ்வொரு இழுப்பும் அந்த இடைவெளியின் வேகத்தை மாற்றுகிறது. 50 மில்லி விநாடி இடைவெளியை 60 ஆக்கினால் வேகம் ஆறில் ஒரு பங்கு குறைந்துவிட்டது என்று சொல்கிறீர்கள். பாறை அதை ஒத்துக்கொள்ளுமா என்று லாக்கைப் பார்த்துவிட்டு இழுங்கள்.

துருவத்தை இந்த நேரத்தில்தான் முடிவு செய்ய வேண்டும். கெட்டியான அடுக்கின் உச்சி நேர்ம எண்ணாக வருகிறதா, எதிர்ம எண்ணாகவா? இரு வழக்கமும் புழக்கத்தில் உண்டு. யாரோ சொன்னார்கள் என்று எழுதாமல், கிணற்றில் தெரியும் ஒரு கெட்டியான அடுக்கை வைத்து நீங்களே பார்த்து, கோப்பின் பெயரிலேயே எழுதிவையுங்கள்.

எஃப்3இல் கவனிக்க வேண்டிய ஒன்று. எஃப்02-1, எஃப்03-2, எஃப்03-4, எஃப்06-1 என்று நான்கு கிணறுகள் தொகுப்பில் உண்டு. அவற்றில் எஃப்02-1இலும் எஃப்03-2இலும் மட்டும்தான் அளந்த அடர்த்தி. மற்ற இரண்டுக்கும் ஒலி லாக்கிலிருந்தும், பாறையின் இயற்கைக் கதிர்வீச்சை அளக்கும் காமா லாக்கிலிருந்தும் நரம்பு வலையமைப்பால் கணித்துப் போட்டது. நுண்துளை லாக்கும் அடர்த்தியிலிருந்து வந்ததே: 2.65இலிருந்து அடர்த்தியைக் கழித்து 1.60ஆல் வகுப்பது. அடர்த்தி 2.25 என்றால் 25 சதவீதம். ஆகவே இம்பீடன்ஸுக்கும் நுண்துளைக்கும் அருமையான நேர்கோடு கிடைத்தால் அதில் பாதி நீங்களே உள்ளே போட்டது. அடர்த்தி இரு பக்கத்திலும் ஒளிந்திருக்கிறது.

ஹொரைசன்

இது பொறுமை வேலை, தத்துவம் அதிகம் இல்லை. முதலில் 20 இன்லைனுக்கு ஒன்று, 20 கிராஸ்லைனுக்கு ஒன்று என்று கையால் வரைந்து, சந்திக்கும் இடங்கள் பொருந்தினால் நடுவைத் தானியங்கி நிரப்பட்டும். முகடு என்றால் முகடு, பள்ளம் என்றால் பள்ளம், நடுவில் மாற வேண்டாம். எஃப்3இல் டெல்டாவின் சாய்ந்த படிவுகள் அழகாகத் தெரியும். அவை மேலும் கீழும் மெலிந்து முடியும் இடங்களில் தானியங்கி அடுத்த அடுக்குக்குத் தாவிவிடும். அங்கே கையால்தான் வரைய வேண்டும்.

தமிழ்ப்பள்ளியின் கணினி அறையிலோ கோயில் மண்டபத்திலோ நாலைந்து பேர் சேர்ந்து பழகினால் ஒரு நல்ல வாய்ப்பு உண்டு. ஒரே ஹொரைசனை இருவர் தனித்தனியாக, ஒருவர் திரையை ஒருவர் பார்க்காமல் வரையுங்கள். பிறகு ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து வரைபடம் போடுங்கள். வித்தியாசம் 4 மில்லி விநாடிக்குள் இருக்கும் இடம் நம்பகமானது. 20க்கு மேல் போகும் இடத்தில் தரவு இருவரிடமும் வேறு கதை சொல்லியிருக்கிறது. கடைசியில் கன அளவு கணக்கிடும்போது இந்த வரைபடம் வேண்டும், அழித்துவிடாதீர்கள்.

பளிச்சிடுவது எதைச் சொல்கிறது

பாறைக்குள் இருக்கும் நீர்மத்தை மாற்றினால் அலைவேகம் எப்படி மாறும் என்பதற்கு காஸ்மன் 1951இல் கொடுத்த சமன்பாடு இன்றும் அடிப்படை. நீர் நிறைந்த மணலின் லாக்கை வைத்து, அதில் எண்ணெயோ வாயுவோ இருந்தால் என்ன ஆகும் என்று கணக்கிடலாம். குவார்ட்ஸுக்குக் கன மீள்மை (அமுக்கத்துக்குச் சுருங்காமல் எதிர்க்கும் அளவு) 37 ஜிகாபாஸ்கல், அடர்த்தி 2.65 என்று எடுங்கள். குறுக்காக அசைந்து போகும் எஸ்-அலையின் லாக் இல்லாவிட்டால் களிப்பாறைக்கும் நீர் நிறைந்த மணலுக்கும் காஸ்டாக்னா கோடு: பி-வேகத்திலிருந்து, அதாவது அமுக்கி அமுக்கிப் போகும் சாதாரண அலையின் வேகத்திலிருந்து, 1360ஐக் கழித்து 1.16ஆல் வகுத்தால் எஸ்-வேகம். வாயு மணலுக்கு நேரே போடக்கூடாது. முதலில் நீராக மாற்றிக் கணக்கிட்டு, பிறகு வாயுவுக்குக் கொண்டுவர வேண்டும்.

ஒரு கணக்கை மட்டும் கையால் செய்து பாருங்கள். உப்புநீரின் கன மீள்மை 2.5 ஜிகாபாஸ்கல், வாயுவுடையது 0.05 என்று வைப்போம். நுண்துளையில் 10 சதவீதம் வாயு, 90 சதவீதம் நீர். 0.9ஐ 2.5ஆல் வகுத்தால் 0.36. 0.1ஐ 0.05ஆல் வகுத்தால் 2. கூட்டி, தலைகீழாக்கினால் 0.42. அதாவது பத்து சதவீத வாயுவே கலவையின் மீள்மையை 2.5இலிருந்து 0.42க்கு இறக்கிவிட்டது. வாயுவை 80 சதவீதம் ஆக்கினால் 0.06. கேட்கப் பெரிய இறக்கமாகத் தோன்றும், ஆனால் பாறையின் மொத்த மீள்மையில் அது சேர்க்கும் மாற்றம் சிறிது. வேக இறக்கத்தின் பெரும்பகுதி முதல் பத்து சதவீதத்திலேயே நடந்து முடிந்துவிட்டது.

விற்கத் தகுந்த வாயுத் தேக்கமும் சோடா மாதிரி கொஞ்சம் வாயு கலந்த நீரும் படத்தில் கிட்டத்தட்ட ஒரே மாதிரி பளிச்சிடுவது இதனால்தான். இரண்டையும் பிரிப்பது அடர்த்தி. அது வாயுவின் அளவோடு சீராகக் குறையும். அடர்த்தியைத் தனியாகப் பிடிக்க அகன்ற கோணத் தரவும் நல்ல இரைச்சலற்ற பதிவும் வேண்டும். அவை இல்லாமல் வாயுவின் செறிவை எழுதாதீர்கள்.

பளிச்சிடும் இடத்தின் எல்லை ஆழ வரைபடத்தின் ஒரு சம ஆழக் கோட்டோடு ஒட்டிப்போகிறதா, அடியில் மட்டமான எதிரொளிப்பு உண்டா, இரண்டும் ஒரே ஆழத்தைச் சொல்கின்றனவா? மூன்றும் சேர்ந்தால் நம்பிக்கை கூடும். நேர வரைபடத்தில் மட்டமாக இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். மேலே வாயு இருந்தால் வேகம் குறைந்து அந்த மட்டக்கோடு நடுவில் தொய்யும்.

அலை அடுக்கில் விழும் கோணத்தோடு வீச்சு மாறுவதைப் பார்க்க எஃப்3 உதவாது, அது கோணங்களைச் சேர்த்து முடித்த தொகுதி. ஆஸ்திரேலியாவின் பிரவுஸ் படுகையில் எடுத்த பொசைடன் தரவைப் போல, அருகு, நடு, தூரம் என்று பிரித்த தொகுதிகள் வேண்டும். ஷூயியின் 1985ஆம் ஆண்டுச் சுருக்கம் போதும்: வீச்சு = முதற்கெழு + சரிவு × கோணத்தின் சைன் வர்க்கம். 30 பாகைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். முதற்கெழுவையும் சரிவையும் குறுக்கு வரைபடத்தில் போட்டு, நீர் மணலும் களியும் விழும் கோட்டிலிருந்து விலகி நிற்பவற்றைக் கவனியுங்கள். கோணத் தொகுதிகளில் ஹொரைசன் 4 மில்லி விநாடி ஏறுமாறாக இருந்தாலே சரிவுக் கணக்கு கெட்டுவிடும். முதலில் அவற்றை ஒரே நேரத்துக்குக் கொண்டுவாருங்கள்.

தடிமன்

2400 மீ./விநாடி வேகம், 30 ஹெர்ட்ஸ். அலைநீளம் 80 மீட்டர், கால் பங்கு 20 மீட்டர். மணலின் தடிமன் 20 மீட்டருக்கு மேல் இருந்தால் உச்சிக்கும் அடிக்கும் இடையே உள்ள நேரம் தடிமனைச் சொல்லும். அதற்குக் கீழே போனால் நேரம் 16 அல்லது 17 மில்லி விநாடியிலேயே நின்றுவிடும், மணல் 15 மீட்டரானாலும் 8 ஆனாலும். வீச்சு மட்டும்தான் குறையும். ஆகவே மெல்லிய மணலில் நேர இடைவெளியைத் தடிமன் என்று எழுதினால் எப்போதும் கூடுதலாகத்தான் எழுதுவீர்கள்.

இதற்கு ஆப்பு வடிவில் தடிமன் கூடிக்கொண்டே போகும் ஒரு செயற்கை மாதிரி செய்யுங்கள். உங்கள் கிணற்றின் இம்பீடன்ஸ், உங்கள் வேவ்லெட், 0இலிருந்து 40 மீட்டர் வரை மீட்டருக்கு ஒன்றாக மணல். பைத்தானில் முப்பது வரி. எந்தத் தடிமனில் வீச்சு உச்சம் தொடுகிறது என்பதைக் குறித்துக்கொண்டு, அதற்குக் கீழே வீச்சு-தடிமன் வளைவைப் பயன்படுத்துங்கள். அந்த வளைவு ஒரே நீர்மம், ஒரே நுண்துளை என்று நம்பிப் போட்டது. வாயு எல்லையைத் தாண்டி இழுத்தால் பொய்யாகும்.

இம்பீடன்ஸாக மாற்றுவது

தடத்திலிருந்து இம்பீடன்ஸைத் திரும்பக் கணக்கிடுவது இன்வெர்ஷன். ஓப்பன்டிடெக்டின் இலவசப் பகுதியில் முழு இன்வெர்ஷன் கிடையாது. வண்ண இன்வெர்ஷன் என்ற எளிய வழியைப் பைத்தானில் எழுதலாம். கிணற்று இம்பீடன்ஸை நேர அச்சில் வைத்து அதன் அதிர்வெண் நிரலை எடுத்து, மடக்கை அச்சுகளில் ஒரு நேர்கோடு பொருத்துங்கள். அதிர்வுத் தரவின் சராசரி நிரலையும் எடுங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் வடிகட்டி. தரவில் வலுவிருக்கும் பகுதிக்குள், 8 முதல் 70 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம், மட்டும் அதை வைத்து ஓரங்களை மெல்லச் சுழிக்கு இறக்குங்கள். கட்டத்தை 90 பாகை திருப்பி ஒவ்வொரு தடத்தோடும் சேர்த்தால் முடிந்தது. திருப்பும் திசை துருவத்தைப் பொறுத்தது. கிணற்றில் மென்மையான மணல் இருக்கும் இடத்தில் குறைந்த மதிப்பு வருகிறதா என்று பார்த்தால் திசை தெரியும்.

கிடைப்பது ஒப்பீட்டு இம்பீடன்ஸ்தான். மேல் கீழ் வேறுபாட்டைச் சொல்லும், 6000 என்றோ 5500 என்றோ சொல்லாது. முழு மதிப்பு வேண்டுமானால் 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைக் கிணறுகளிலிருந்து ஹொரைசன் வழியாகப் பரப்பிச் சேர்க்க வேண்டும். அந்தப் பகுதியில் அதிர்வுத் தரவுக்குப் பங்கே இல்லை. வரைபடத்தில் கிணற்றைச் சுற்றி வட்ட வட்டமாகத் தெரிந்தால் நீங்கள் பார்ப்பது நிலத்தை இல்லை, இடைக்கணிப்பு வாய்பாட்டை.

நுண்துளைக்குப் போகுமுன் காமா லாக்கை வைத்து மணலையும் களியையும் பிரியுங்கள். இளம் படிவுகளில் ஒரு குறிப்பிட்ட ஆழத்தில் மணலின் இம்பீடன்ஸும் களியின் இம்பீடன்ஸும் ஒன்றையொன்று கடக்கும். அந்த ஆழத்தில் இம்பீடன்ஸ் மட்டும் எந்தப் பாறை என்று சொல்லாது. மணல் புள்ளிகளில் மட்டும் கோடு பொருத்தி, அளந்த அடர்த்தி உள்ள இரண்டு கிணறுகளில் ஒன்றை ஒளித்துவைத்து, அங்கே உங்கள் கணிப்பு எவ்வளவு தவறுகிறது என்று பாருங்கள். அந்தத் தவறுதான் உங்கள் நுண்துளையின் உண்மையான பிழை. வரைகோட்டின் ஒட்டுறவு எண் அல்ல.

மலாய்ப் படுகையில் வேறு என்ன சிக்கல்

எஃப்3இல் பழகியதை அப்படியே திரெங்கானு கடலுக்குக் கொண்டுபோனால் முதலில் இடறுவது நிலக்கரியில். அடர்த்தி 1.4, வேகம் 2300 என்றால் இம்பீடன்ஸ் 3220. மேலே உள்ள அதே களிப்பாறையோடு கெழு −0.34. 30 ஹெர்ட்ஸில் 3 மீட்டர் நிலக்கரி மட்டுமே, முன்பு பார்த்த தடித்த வாயு மணலின் வீச்சுக்கு ஏறக்குறைய சமமாகப் பளிச்சிடும். நிலக்கரியின் வீச்சு கோணம் கூடக் கூடக் குறையும். பெரும்பாலும் மேடாக வளைந்த அமைப்பின் உச்சியில் நிற்காமல் சரிவெல்லாம் பரந்து கிடக்கும். லாக்கில் அடர்த்தி திடீரென்று 1.5க்குக் கீழே விழுந்து, காமாவும் குறைந்து, ஒலி நேரம் கூடினால் நிலக்கரி. அதைக் கேலிப்பர் பிழை என்று நினைத்து வெட்டிவிடாதீர்கள். வெட்டினால் கிணற்றுப் பொருத்தமே நடக்காது.

அடுத்தது ஆழம் குறைந்த வாயு மேகம், அதாவது மேலுள்ள பாறைகளில் பரவிக் கிடக்கும் வாயு. 100 மீட்டர் தடிமனுக்கு வேகம் 2000இலிருந்து 1700க்கு இறங்கினால் கீழே உள்ளதெல்லாம் 18 மில்லி விநாடி தாழ்ந்து தெரியும். ஏறத்தாழ 20 மீட்டர் பொய்ப் பள்ளம். நல்ல அமைப்பின் உச்சியே குழியாகத் தெரியலாம். பி-அலை அங்கே மங்கி, உயர் அதிர்வெண்களும் போய்விடும். எஸ்-அலை நுண்துளை நீர்மத்தை அதிகம் பொருட்படுத்தாது, அதனால் கடலடியில் உணர்விகளை வைத்து மாற்றலைகளை, அதாவது பி-அலையாகப் போய் எஸ்-அலையாகத் திரும்புபவற்றை, பதிவு செய்கிறார்கள். சாதாரணத் தரவு மட்டும் இருந்தால், மேகத்துக்கு அடியில் வீச்சு வரைபடத்தைக் காலியாக விடுவதே சரி.

சரவாக்கின் மத்திய லூக்கோனியா வேறு உலகம். அங்கே மியோசீன் காலத்துப் பவளச் சுண்ணாம்பு மேடுகள். உச்சி கெட்டியாகத் தெரியும், வேகம் கூடியதால் அடியில் உள்ளது மேலே இழுபட்டுத் தெரியும், மென்மையான மணலைத் தேடும் கண்ணுக்கு ஒன்றும் அகப்படாது.

கன அளவு

ஓர் எண்ணெய்த் தேக்கத்தின் பரப்பு 4 சதுர கி.மீ., சராசரித் தடிமன் 15 மீ., அதில் மணல் பங்கு 0.6, நுண்துளை 0.24, நீர்ச் செறிவு 0.35, எண்ணெயின் கன விகிதம் (அடியில் உள்ள கன அளவு மேலே வந்த பிறகு உள்ளதைப் போல எத்தனை மடங்கு) 1.25 என்று வைப்போம். பாறைக் கன அளவு 6 கோடி கன மீட்டர். 0.6, 0.24, நீர் போக மீதியான 0.65 என்று வரிசையாகப் பெருக்கி 1.25ஆல் வகுத்தால் 44.9 இலட்சம் கன மீட்டர். 6.29ஆல் பெருக்கினால் 2.8 கோடி பீப்பாய். இது நிலத்தடியில் இருப்பது. வெளியே எடுக்கக்கூடியது இதில் ஒரு பங்குதான்.

இப்போது அந்த 15 மீட்டர் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். கால் அலைநீளத்துக்குக் கீழே உள்ள மணலில் நேர இடைவெளியிலிருந்து எடுத்தது, உண்மையில் 9 மீட்டர் என்றால், 1.7 கோடி பீப்பாய். நேரத்தை ஆழமாக மாற்றும்போது வேகம் 2 சதவீதம் தவறினால் 1500 மீட்டரில் 30 மீட்டர் ஏற்ற இறக்கம். தட்டையான அமைப்பில் அது பரப்பைப் பாதியாக்கும். இருவர் வரைந்த ஹொரைசனின் வித்தியாச வரைபடமும் ஒளித்துவைத்த கிணற்றின் நுண்துளைப் பிழையும் இங்கேதான் வேலைக்கு வரும். ஒவ்வொன்றுக்கும் குறைந்தது, நடு, கூடியது என்று மூன்று எண் வைத்து, பைத்தானில் பத்தாயிரம் முறை தற்செயலாகத் தெரிவு செய்து பெருக்குங்கள். வரும் எண்களை வரிசைப்படுத்தி, பத்தாவது, ஐம்பதாவது, தொண்ணூறாவது சதவீத இடங்களில் உள்ள மூன்றை எழுதுங்கள். நீர்ச் செறிவையும் நுண்துளையையும் தனித்தனியாகத் தெரிவு செய்யாதீர்கள். நுண்துளை குறையும் இடத்தில் நீர்ச் செறிவு கூடுவது வழக்கம். தனித்தனியாக எடுத்தால் விடைகளின் பரவல் உண்மையைவிடக் குறுகிவிடும்.

அறிக்கையோடு வேவ்லெட் கோப்பு, நேர-ஆழ அட்டவணை, துருவ வழக்கம், எந்தத் தொகுதியில் வீச்சை அளந்தீர்கள் என்ற குறிப்பு, ஒளித்துவைத்த கிணற்றின் பெயர் எல்லாவற்றையும் ஒரே உறையில் வையுங்கள். ஆறு மாதம் கழித்து இன்னொருவர் அதைத் திறந்தாலும், உங்களைக் கேட்காமலே அதே 2.8 கோடிக்கு வந்து சேர முடிய வேண்டும்.